முள்ளி நிற்கும் பக்கம்

“உசுரோட இருக்கற பொண்ண எதுக்கு மாப்ள பேப்பர்ல போட்ட?”

மாமனார் பெரியண்ணன் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார். முதல் இரண்டு தடவையும் குரல் வாசலோடு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை அது தெருக்கோடி அடிபம்ப் வரைக்கும் போனது. அங்கே வரிசையில் நின்றவர்கள் குடத்தை மட்டும் வரிசையில் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள்.

“போட்டா இன்னா மாமா? அது சிரிப்புப் படம்,” என்றான் மாதன்.

“சுத்திலியும் கறுப்புக் கட்டம் கட்டி, நடுவுல எம் பொண்ணு மூஞ்சிய வெச்சா அது சிரிப்பா? வழி பூரா அழுதுக்கினு எறங்கி வந்தோம்டா.”

மாப்ள என்பது டா ஆகிவிட்டதைத் தெரு கவனித்துக்கொண்டது.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஆறு வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு அது. மலையிலிருந்து வந்த ஏழு பேர் அதற்குள் அடங்காமல் வாசலிலும் தெருவிலுமாகப் பிரிந்து நின்றார்கள். யாருக்காக அழுதுகொண்டு வந்தார்களோ அந்த வெள்ளச்சி நடுவில் குந்திக்கொண்டு முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்ணால் பார்த்த பிறகும் சித்திக்காரி ஒருத்தியால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அடிவாரத்தில் ஆரம்பித்தது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதில் இருந்தது பிறந்த வீட்டுக் கோடி. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் அப்பன் வீட்டிலிருந்து வர வேண்டிய கடைசிச் சேலை. வெங்காயச் சருகு நிறம், நல்ல கரை.

விஷயம் இதுதான். மாதனும் மலைக்காரன்தான். வெள்ளிமலைக்கு அப்பால் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய, வெள்ளச்சி பிறந்த ஊஞ்சக்காட்டுக்குப் பக்கத்து ஊர். கடைப்பெயர்ப் பலகை எழுதிப் பிழைக்கலாம் என்று இறங்கி வந்து ஆறு வருஷம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் தெய்வசிகாமணி நடத்திய ‘வாரத் தூது’ என்ற எட்டுப் பக்கப் பத்திரிகைக்கு அவன் இரண்டு வேலை செய்தான். ஒன்று, செத்தவர்களுக்குப் போடும் கண்ணீர் அஞ்சலிப் படம். போட்டோவை அச்சுத் தகடாகப் பிளாக் எடுத்தால் செலவு, எடுத்தாலும் முகம் கரி பூசினாற்போல வரும். அதனால் போட்டோவைப் பார்த்து மாதன் கோட்டுப் படமாகவே போட்டுக் கொடுப்பான், சுற்றிலும் தடிக் கறுப்புக் கட்டம். இன்னொன்று, கடைசிப் பக்கத்தில் வரும் ‘குட்டானும் முள்ளியும்’. வாரா வாரம் மூன்று கட்டம், ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு சிரிப்பு.

முள்ளிக்கு அவன் வெள்ளச்சியின் முகத்தைப் போட்டிருந்தான். வலப்பக்கத் தெத்துப்பல், வலப்பக்க மூக்குத்தி, தூக்கிய மோவாய். வெள்ளிமலைச் சந்தையில் கருவாடு மடித்துக் கொடுத்த தாளில் முதல் கட்டம் மட்டும் கிழிபடாமல் ஊஞ்சக்காடு போய்ச் சேர்ந்தது. அந்த ஊரில் எழுத்துத் தெரிந்தவர் இல்லை. ஆனால் கறுப்புக் கட்டத்துக்குள் முகம் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவரைக்கும் சாதாரண வீட்டுப் பொம்பளை யாருடைய முகமும் வேறெந்தக் காரணத்துக்காகவும் பேப்பரில் வந்ததில்லை. ஒரே கை போட்ட இரண்டு படத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

முதலில் கோடிச் சேலைக்கு வழி பண்ண வேண்டியிருந்தது. அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உயிரோடிருப்பவள் தொடவும் கூடாது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் காலையில் இட்லிக் கடை போடுகிறவள், ஊர்க் காரியம் என்றால் கடையைச் சாத்திவிட்டும் வருவாள். தான் அதைக் கோயிலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கார்த்திகைத் தீபத்துக்கு அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்தபோதும் யாரும் கேட்கவில்லை, பார்த்ததோடு சரி.

அவள் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. எட்டாவது வரை படித்தவள், படித்ததைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவள். படத்தில் தப்பே இல்லை, படித்துக் காட்டுகிறேன் கேளுங்கள் என்று தன் வீட்டிலிருந்து முழுப் பேப்பரை எடுத்துவந்தாள்.

முதல் கட்டத்தில் முள்ளி கேட்கிறாள்: மலையில நம்ம ஊருக்கும் ரோடு வருதாமே? இரண்டாவதில் குட்டான் தலையைச் சொறிகிறான். மூன்றாவதில் சொல்கிறான்: வரட்டும், நாமதான் எறங்கி வந்துட்டமே, அது ஏறிப் போயி யாரப் பாக்கும்?

வாசல் முழுக்கச் சிரித்தது. பெரியண்ணனுக்கே மீசை அசைந்தது. சித்திக்காரிகூட அழுகையை அங்கேதான் நிறுத்தினாள். சிரிக்காதவள் வெள்ளச்சி ஒருத்திதான்.

“இன்னொரு வாட்டி படிங்கக்கா.”

குஞ்சம்மாள் இன்னும் ராகம் கூட்டிப் படித்தாள்.

“ரோடு ஏறிப் போயி யாரப் பாக்கும்னு யாரு சொல்றது?”

“குட்டான்.”

“முள்ளி இன்னா சொல்றா?”

“ரோடு வருதாமேன்னு கேக்கறா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மே.”

பழைய தாள் இருக்கிறதா என்று வெள்ளச்சி கேட்டாள். இட்லி மடிக்க வாங்கிய கட்டில் குஞ்சம்மாள் இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். ஐந்து வாரத்துப் படத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஐந்திலும் முள்ளி கேட்டாள், குட்டான் சொன்னான். கரும்பு வயலில் மேஸ்திரிக்கு வெள்ளச்சி கொடுத்த பதில், ஒழுகுகிற கூரையைப் பார்த்து அவள் சொன்னது, பஸ்ஸில் காலை மிதித்தவனுக்குச் சொன்னது, எல்லாம் குட்டான் வாயில் இருந்தன. இத்தனை நாளும் தான் சொன்னதைத்தான் புருஷன் படமாகப் போடுகிறான், ஊர் தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் அவனும் சொல்லியிருந்தான்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“பல்லு எம் பல்லு. மூக்குத்தி எம் மூக்குத்தி. பேச்சும் எம் பேச்சு. அத மட்டும் புடுங்கி அவன் வாயில வெச்சிருக்கற. நான் கேனச்சியாட்டம் கேட்டுக்கினு நிக்கறேன்.”

“அது நீ இல்ல வெள்ளச்சி. அது முள்ளி.”

“அப்ப நான் எங்க?”

மாதன் இதற்குத் தொழில் காரணம் ஒன்று சொன்னான். படிக்கிறவன் கண் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகும், கடைசியில் பேசுகிறவன் வலப்பக்கம் நின்றால்தான் சிரிப்பு வரும், முள்ளி ஆரம்பத்திலிருந்தே இடப்பக்கம் நின்றுவிட்டாள், அதனால் பதில் குட்டானுக்குப் போய்விட்டது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். ஏழு மலைக்காரர்களும் அவன் விரலையே பார்த்தார்கள்.

“நான் வலப்பக்கம் நின்னா இன்னா, மலை சாஞ்சிடுமா?” என்றாள் வெள்ளச்சி.

ஊஞ்சக்காட்டில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கை ஆள் போதவில்லை என்று பெரியண்ணன் வேறு வாய் விட்டுவிட்டார். இரண்டு சேலையைச் சுருட்டிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் கால் வைத்த பிறகு திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“முள்ளி அவ பேச்ச அவளே பேசற அன்னிக்கி சொல்லி அனுப்பு. எறங்கி வரேன்.”

பிணத்துக்கு வந்தவர்கள் ஆளை உயிரோடு கூட்டிக்கொண்டு போனது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை.

மாதன் இரண்டு நாள் தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தான். மூன்றாம் நாள் படம் போட உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமைக்குள் படம் தெய்வசிகாமணி கைக்குப் போக வேண்டும். அது கடலூர் போய்த் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகித் திரும்பி வந்தால்தான் வெள்ளிக்கிழமை அச்சேறும். அந்தப் பிளாக்குக்கு மெல்லிய கோடு ஆகாது, காணாமல் போய்விடும். நெருக்கமான கோடும் ஆகாது, மை அப்பிக்கொள்ளும். அதனால் ஒரு முகத்துக்கு ஏழெட்டுக் கோடுதான் அவனுக்கு வாய்க்கும். எந்த ஏழெட்டு என்பதில்தான் தொழில் இருக்கிறது. முள்ளிக்கு அதில் பல்லுக்கு ஒன்று, மூக்குத்திக்கு ஒரு புள்ளி, மோவாய்க்கு ஒன்று போய்விடும். மிச்சத்தில் உடம்பு.

முள்ளியைத் தூக்கி வலப்பக்கம் நிறுத்தினான். அப்படி நிறுத்தினால் அவள் இடப்பக்கம் திரும்பிக் குட்டானைப் பார்க்க வேண்டும். திருப்பினான். திருப்பியதும் மூக்குத்தி போய்விட்டது, தெத்துப்பல்லும் போய்விட்டது. இரண்டும் முகத்தின் அந்தப் பக்கத்தில் அல்லவா இருக்கின்றன. படத்தில் நின்றது யாரோ ஒருத்தி, துணி சோப்பு விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி. மூக்குத்தியை இந்தப் பக்கம் மாற்றிக் குத்திப் பார்த்தான், பொய்யாகத் தெரிந்தது. முள்ளியை எடுத்துவிட்டு ஒரு கிழவனைப் போட்டான், ஆட்டைப் போட்டான், குட்டானையே இரண்டு பேராக்கினான். பதினொரு தாள் கிழித்ததாகக் குஞ்சம்மாள் எண்ணிச் சொன்னாள். அடுப்புப் பற்றவைக்க அவள்தான் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவன் உட்காரும் இடம் அடுப்புக்கு வலப்புறச் சுவரோரம். வெளிச்சம் அங்கேதான் விழும். அங்கிருந்து பார்த்தால் அடுப்பெதிரே குந்தியிருக்கும் பெண்டாட்டியின் வலப்பக்கம்தான் தெரியும். இன்னொரு பக்கத்தை அவன் பார்க்காமலிருந்திருக்க மாட்டான், ஆனால் படத்துக்காகப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வெறுங்கையோடு போனான். தெய்வசிகாமணி புரூப் தாளிலிருந்து தலை தூக்கவில்லை. பொம்பளை கேட்க வேண்டும், ஆம்பளை சொல்ல வேண்டும், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவன் ஆம்பளை, அவன் சிரித்தால்தான் அடுத்த வாரம் பேப்பர் போகும் என்று நிதானமாக விளக்கினார்.

“அவ சொன்னதுங்க எல்லாம்,” என்றான் மாதன்.

“சொல்லட்டுமே. யார் வூட்ல சொல்லல? எங்க வூட்லயும்தான் சொல்றா. நான் அச்சடிக்கறனா?” என்றார் தெய்வசிகாமணி. அந்த இடத்துக்கு வேர்க்கடலை மண்டி விளம்பரம் ஒன்று காத்திருப்பதாகவும் சொன்னார். இந்த வாரம் மண்டி போடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கும் படம் வரவில்லை என்றால் நிரந்தரமாக மண்டிதான்.

மாதன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மைப் புட்டியையும் தூரிகையையும் ஒரு கோடு போடாத நோட்டையும் பையில் எடுத்துத்தான் வந்திருந்தான். நேரே வெள்ளிமலை பஸ் ஏறினான்.

ஊஞ்சக்காட்டில் அவனை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கார்த்திகை மாசத்து மூட்டம் தோளுக்கு மேலே நின்றது. களத்தில் சாமைக் கதிரைப் பரப்பி மாடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆம்பளையோடு அறுப்புக் காலத்தில் யார் பேசுவார்கள்? அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமை வைக்கோல் உதறப் போனான். பலகை எழுதிய கை, முதல் நாளே தோல் உரிந்தது. மத்தியானம் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் இலையில் விழுந்தன. வைத்தது வெள்ளச்சி இல்லை, அவள் தங்கச்சி தைலம்மாள்.

முதல் நாள் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் இந்தத் தைலம்மாள் வழியாகத்தான் போய் வந்தது. இருவருக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கும். ஆனாலும் அவள் நடந்து நடந்து சொன்னாள். சொல்லும்போது காரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள், நல்ல எண்ணத்தில்தான்.

“மாமா, ஒனக்கு ஒடம்பு நல்லா இருக்குதான்னு கேக்குது அக்கா.”

“நான் அப்பிடிக் கேக்கலடி,” என்று களத்தின் நடுவிலிருந்து வெள்ளச்சியின் குரல் வந்தது. “கை உரிஞ்சிடுச்சா, இப்பத் தெரியுதான்னுதான் கேட்டேன். கேட்டத கேட்டாப்பல சொல்லு.”

தைலம்மாள் கேட்டதைக் கேட்டதுபோல் சொன்னாள்.

சாயங்காலம் பெரியண்ணன் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் மட்டும் சொன்னார். நீ படம் போடு, போடாமப் போ, அது உங்க பாடு. ஆனா எம் பொண்ண சுத்திக் கட்டம் மட்டும் இனிமே போடாத. அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து தனக்கு நெஞ்சு சரியில்லை என்றார். கட்டம் இல்லாமல் மூன்று படத்தை எப்படிப் பிரிப்பது என்று மாதன் கேட்கவில்லை. கேட்கிற இடமா அது.

இரண்டாம் நாள் வெள்ளச்சி முறத்தோடு சாமை தூற்ற நின்றாள். மாதன் இந்தத் தடவை அவளுக்கு இடப்பக்கம் போய் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தான். நோட்டை எடுத்தான். வாழ்நாளில் முதல் தடவை பார்ப்பவன்போலப் பார்த்தான். அந்தப் பக்கம் காது மடல் கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அடையாளம் என்று சொல்ல வேறு எதுவுமில்லை. முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தான். முறம் ஏறி இறங்கியது, உமி காற்றில் போனது. யாரோ எதையோ கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் முறம் நின்றது, நெஞ்சு உயரத்தில், ஒரு மூச்சு நேரம். பிறகுதான் வாய் திறந்தது. மறுபடி யாரோ கேட்டார்கள், மறுபடியும் முறம் நின்றது. வாயாடி என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் கையை நிறுத்தி யோசித்துவிட்டுத்தான் பேசுகிறாள் என்பது மாதனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லும் மூக்குத்தியும் இல்லாமலே அவள் நோட்டில் வந்து நின்றாள். ஆறு கோடுதான் ஆயிற்று.

மூன்றாம் நாள் களம் காலியாகிக்கொண்டிருந்தது. குதிர் நிறைந்துவிட்ட நிம்மதியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாதன் தைலம்மாளைக் கூப்பிடாமல் நேராகவே கேட்டான்.

“எப்ப கீழ வருவ?”

முறம் நின்றது.

“எந்தக் கீழ? இங்கருந்து பாத்தா எல்லாமே கீழதான்.”

தைலம்மாள்தான் முதலில் சிரித்தாள். மாதனும் சிரித்தான், சிரித்தபடியே பைக்குள் கை விட்டான். விட்ட கையை அப்படியே நிறுத்தினான். ஆறு வருஷத்தில் அவன் கேட்காததைக் கேட்டான்.

“இத எடுத்துக்கட்டுமா?”

“யாரு சொல்லுவா?”

“முள்ளி.”

“கடைசியிலியா?”

“கடைசியில. அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க.”

அவள் எழுந்து வந்து நோட்டைப் பார்த்தாள். எழுத்துத்தான் தெரியாது, படம் நன்றாகவே தெரியும். முறத்தைப் பிடிக்கும் விரல் இப்படி இருக்காது என்றாள். கட்டை விரல் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் சாமை கொட்டிவிடும். மாற்றினான். காது மடலைப் போட்டிருந்த கோட்டின் மேல் விரல் வைத்தாள்.

“இது வேணாம்.”

“அடையாளமா இருக்கும்.”

“சின்னதுல கெளையில மாட்டிக் கிழிஞ்சது. அது எங் கதை. பேப்பருக்கு இல்ல.”

அதை அடித்தான். பிறகு கட்டத்துக்கு என்ன செய்வது என்று இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள். கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்கு ஒரே ஒரு சரிவுக் கோடு போட்டான் மாதன். அதுதான் மலை. அதன் மேல் குட்டான் மூன்று தடவை வருகிறான். அடியில் பையோடு நிமிர்ந்து, நடுவில் வளைந்து, மேலே நாக்குத் தள்ளி. முள்ளி ஒரே ஒரு தடவை, உச்சியில், வலப்பக்கம், குட்டானைப்போல ஒன்றரைப் பங்கு பெரிதாக. சுற்றிக் கோடு கிடையாது.

நடுவில் இருக்கும் குட்டானின் முகத்தைப் பார்த்துவிட்டு வெள்ளச்சி உதட்டைப் பிதுக்கினாள். “அவனையும் ரொம்பக் கேனனாப் போடாத. நான் கட்டிக்கினவன் கேனன்னா எனக்குத்தான அசிங்கம்.”

குட்டானுக்குக் கொஞ்சம் மூக்கு நிமிர்ந்தது.

படம் முடிந்தது. அவள் கிளம்புவாள் என்று நினைத்து மாதன் பையை மூடினான். அவள் அசையவில்லை. “நீ போட்டுட்ட. அங்க அவரு மாத்தாம போடுவாரா? அச்சாயி வரட்டும், பாக்கறேன்,” என்று முறத்தைச் சுவரில் மாட்டப் போய்விட்டாள். கணக்குத் தெரிந்தவள்.

தெய்வசிகாமணி படத்தை நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கட்டம் எங்கே என்றார். ஒரே ஆள் மூன்று தடவை வந்தால் அண்ணன் தம்பி மூன்று பேர் மலையேறுகிறார்கள் என்று ஜனங்கள் நினைக்கும் என்றார். சரிவுக்குக் கீழே இவ்வளவு இடம் வெற்றாகக் கிடக்கிறதே, வெள்ளைத் தாளுக்கா காசு வாங்குவது என்றார். கடைசியாக, அதுவரை தள்ளிப்போட்டு வைத்திருந்ததைச் சொன்னார்.

“பேச்ச குட்டானுக்கு மாத்திக் குடு மாதா. மத்தது நான் பொறுத்துக்கறேன்.”

“மாத்த மாட்டேங்க.”

“மாத்தலன்னா மண்டிதான்.”

“போட்டுக்குங்க. அப்ப அஞ்சலிப் படத்துக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க.”

மாதன் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். சொல்லிவிட்டு அவனே தன் குரலைக் கேட்டுப் பயந்த மாதிரி நின்றான். ஆனால் நின்றான். கம்போசிங் செய்துகொண்டிருந்தவர்கள் கையில் எடுத்த அச்செழுத்தைக் கோக்காமல் காத்திருந்தார்கள். தெய்வசிகாமணி மேஜையைப் பார்த்தார். அந்த வாரம் ஐந்து சாவு. ஐந்து போட்டோவும் அங்கே முகம் காட்டிக் கிடந்தன. சிரிப்பில்லாமல் பேப்பர் நடத்திவிடலாம், சாவில்லாமல் நடத்த முடியாது. அஞ்சலி ஒவ்வொன்றுக்கும் உறவுக்காரர்கள் நூறு பிரதி வாங்குவார்கள்.

“ஒரு வாரம்,” என்றார். “டீக்கடைக்காரன் எவனாவது கேட்டா உன்னத்தான் அனுப்புவேன்.”

ஆனாலும் அவர் அச்சுத் தொழிலில் முப்பது வருஷம் போட்டவர். மலைச் சரிவுக்குக் கீழே கிடந்த முக்கோண இடத்தில் வேர்க்கடலை மண்டி விளம்பரத்தை வரி வரியாக ஏற்றி இறக்கி அமுக்கிவிட்டார். குட்டான் மண்டியின் தலைமேல் ஏறிப்போவது மாதிரி வந்தது. மண்டிக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, ஆறு மாசத்துக்கு முன்பணம் கட்டினார் என்று கேள்வி.

சனிக்கிழமை பஸ்ஸில் பேப்பர் மலைக்குப் போனது. அதை மாதன் கொண்டுபோகவில்லை, தானே படித்துக் காட்டினால் அவள் நம்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். வெள்ளச்சி அதைச் சந்தைக்கு எடுத்துப் போனாள். தன்னை அறியாத ஆளாகத் தேடி, கள்ளக்குறிச்சியிலிருந்து சரக்கு கொண்டுவரும் உப்பு வியாபாரி ஒருவரிடம் நீட்டினாள். கண்ணு சரியாத் தெரியலைங்க, இது இன்னான்னு படிச்சிச் சொல்லுங்க என்றாள். கூட வந்த தைலம்மாள் இதைப் பின்னால் எங்கள் தெருவில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

உப்பு வியாபாரி தராசை வைத்துவிட்டு வாங்கினார். குட்டான் கேட்டதைப் படித்தார். மேலே கண்ணை ஏற்றி முள்ளி சொன்னதைப் படித்தார். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவருக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கையை இழுத்து இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம்தான் சிரித்தார்.

“சரியாத்தான் கேக்கறா இந்தப் பொம்பள,” என்றார்.

வெள்ளச்சி இரண்டு படி உப்பு வாங்கினாள். தேவையே இல்லை, குதிர் பக்கத்தில் ஒரு பானை உப்பு இருந்தது என்கிறாள் தைலம்மாள். மத்தியானப் பஸ்ஸில் அந்த உப்போடு கச்சிராயபாளையத்தில் இறங்கினாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய், மாதன் கரியேற்றி வைத்திருந்த கஞ்சிப் பானையை வெளியே கொண்டுவந்து வைத்து மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். மலைமேல் எவ்வளவு பேசினாளோ, அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் அவ்வளவு பேசாமல் இருந்தாள். மன்னிப்பு என்பதெல்லாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

டீக்கடைகளில் ஒரு மாசம் முணுமுணுப்பு இருந்தது. குட்டானுக்கு வாய் செத்துப்போச்சா என்று ஒருவர் அஞ்சலட்டை போட்டார். தெய்வசிகாமணி அதைக் கடிதப் பகுதியில் வெளியிட்டார், அதற்கு நாலு பெண்கள் பதில் எழுதினார்கள், அவற்றையும் வெளியிட்டார். பிறகு பழகிவிட்டது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஸ் ஏறுவதற்கு முன்னால் மாதன் படத்தை அவள் முன்னால் விரித்துப் படித்துக் காட்டுவான், அதையே குஞ்சம்மாளும் வந்து படித்துக் காட்ட வேண்டும். இரண்டு பேர் படித்ததும் ஒன்றாக இருந்தால்தான் படம் பஸ் ஏறும். சில வாரம் இது சிரிப்பாக இல்லை என்று அவளே தள்ளிவிடுவாள். அவன் உட்கார்ந்து மறுபடி போடுவான். எரிச்சலோடுதான் போடுவான், ஆனாலும் போடுவான்.

இப்படி ஏழு வருஷம் ஓடியது. ஆஃப்செட் அச்சு வந்ததும் தெய்வசிகாமணி அச்சகத்தைக் கல்யாணப் பத்திரிகைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு நெய்வேலியில் மகனோடு போய்த் தங்கிவிட்டார். குஞ்சம்மாள் மகளை எலவனாசூர்கோட்டையில் கட்டிக் கொடுத்தாள். பேரப்பிள்ளை பார்க்கிற சாக்கில் போனவள் அங்கேயே இட்லிக் கடை போட்டுவிட்டாள், அந்த ஊருக்கும் விஷயம் தெரிய வேண்டாமா. மாதனும் வெள்ளச்சியும் உளுந்தூர்பேட்டைக்குக் குடிபோனார்கள். லாரிக்குப் பூவும் கிளியும் நம்பரும் எழுதும் வேலை அங்கே வருஷம் பூரா கிடைக்கும். அவர்கள் இருந்த மூன்றாவது வீட்டுக்கு ஒரு மின்வாரியக்காரர் குடும்பம் வந்தது. சண்டையே போடாத ஜனங்கள், எதற்காகத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டார்களோ.

தைலம்மாளுக்கு அதற்கு முன்பே கரியாலூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்துவிட்டான். பெண்ணுக்குத் தரும் பரியம் பேச வந்த அன்று காடு எவ்வளவு, மாடு எத்தனை என்று பெரியண்ணன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தார். கடைசியில் வெள்ளச்சி, தான் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். தங்கச்சியைக் கூப்பிட்டு, மனதில் பட்டதை இவரிடம் சொல்லு என்றாள். தைலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு, மாடு மேய்க்கப் போகச் சொன்னால் போவேன், ஆனால் மழை நாளில் தனியாகப் போக மாட்டேன், கூட வரணும் என்றாள். வெள்ளச்சி மாப்பிள்ளை பக்கம் திரும்பி, இப்ப அவ இன்னா சொன்னா, நீ சொல்லு என்றாள். அவன் வியர்த்துப் போய், மாடு மேய்க்கப் போவாங்களாம், மழை நாள்ல போக மாட்டாங்களாம் என்றான்.

“கூட வரணும்னு சொன்னா. அது எங்க?”

அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான், இந்தத் தடவை ஒன்றும் விடாமல். தை மாசம் கல்யாணம் நடந்தது.